நீண்ட பயணத்தில் உடல்நலம்: இருக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய யோகப் பயிற்சிகள்

தமிழக முகாம்களிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பதுளைப் பக்கம் திரும்பும்போது வீடு, காணி, பத்திரம் என்ற யோசனையே மனதை நிறைத்திருக்கும். பயணத்துக்கும் சற்று ஆயத்தம் தேவை. கட்டுநாயக்கவில் இறங்குபவர்கள் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாக அப்புத்தளைக்கு ஏறவே பல மணித்தியாலம் பிடிக்கும். கொழும்பு–பதுளை ரயில்பாதையின் நீளம் சுமார் 290 கிலோமீற்றர். பதுளையில் இறங்கிய பின்னும் தோட்டத்துக்கு இன்னொரு பஸ், பிறகு லயத்துக்கு மேட்டுவழி நடை.

கால் ஏன் வீங்குகிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரத்தம் காலில் தேங்கும். சிலருக்கு நாளத்துக்குள் இரத்தம் கட்டியாக உறையலாம். அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கு ஆபத்து. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணித்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. விமானம், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெரும்பாலானோருக்கு இது வருவதில்லை. ஆனால் கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள் புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம்

இவற்றை எந்தச் சமயத்தவரும், எந்த வயதினரும் செய்யலாம். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

1. கணுக்கால்: குதியை ஊன்றி விரல்களை மேலே இழுங்கள்; பிறகு விரல்களை ஊன்றிக் குதியை உயர்த்துங்கள். 10 தடவை. பின் பாதத்தை இரு பக்கமும் சுழற்றுங்கள். பவனமுக்தாசன வரிசையும் இப்படிக் கால்விரல், கணுக்கால் அசைவுகளோடுதான் தொடங்குகிறது.

2. முழங்கால்: ஒவ்வொரு காலாகச் சற்று உயர்த்தி இறக்குங்கள். 5 தடவை.

3. தோள்: மூச்சை இழுத்தபடி தோள்களை உயர்த்தி, விட்டபடி பின்னால் சுழற்றி இறக்குங்கள்.

4. கழுத்து: மெதுவாக வலமும் இடமும் திருப்புங்கள். வளைவுப் பாதையில் இதைச் செய்யவேண்டாம்.

5. மூச்சு: 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். அடக்கவேண்டாம்.

பஸ் நிற்கும் இடங்களில் இறங்கி நிமிர்ந்து நின்று, கைகளை மேலே நீட்டித் தாடாசனம் செய்யுங்கள். சற்று நடவுங்கள். முதியவர்களுக்கு ஒருவர் கைகொடுக்கவேண்டும்.

தண்ணீரும் வளைவுகளும்

வழியில் கழிவறை கிடைக்காதென்று பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதில்லை. அது களைப்பையும் தலைவலியையும் கூட்டும். பஸ் எங்கே நிற்கும் என்று நடத்துனரிடம் முன்கூட்டியே கேட்டு, இடையிடையே குடியுங்கள்.

பெரகல ஏற்றத்திலும், மகியங்கனை வழியாக வருபவர்களுக்குப் பதினெட்டு வளைவிலும் தலை சுற்றலாம். முன்பக்க இருக்கையில் அமர்ந்து தூரத்துப் பாதையைப் பாருங்கள். கைபேசியைப் பார்க்கவேண்டாம். புறப்படுமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

ஊரை நெருங்கும்போது நெஞ்சு படபடக்கலாம். பயந்து விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வருபவர்களுக்கு இது இயல்பு. மேலே சொன்ன மூச்சுப் பயிற்சியால் கவலை தீர்ந்துவிடாது. ஆனால் படபடப்பு சற்றுத் தணியும்.

உடனே கவனிக்கவேண்டியவை

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு இருந்தால் எண்ணெய் போட்டு உருவவேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் கண்டால் 1990 இலக்கத்தை அழையுங்கள். இந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். பயணம் முடிந்து சில வாரங்களுக்குள்ளும் இந்த அறிகுறிகள் வரலாம். அப்போது அண்மையில் நீண்ட பயணம் செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பெரியவர்கள் வழியில் தூங்கிவிடுவார்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை அப்பாயியையும் தாத்தாவையும் எழுப்பிக் காலை அசைக்கச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் மறக்கமாட்டார்கள்.