கறிவேப்பிலை மரமும் தலைகீழ் லென்சும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நம் விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறம் நிற்கும் கறிவேப்பிலை மரத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் இலை விழாத சாம்பாரை நாம் உண்டதில்லை. சென்ற ஆகஸ்டு மாதத்தில் அம்மரத்தின் தாழ்ந்த கிளைகள் இலையின்றி வெறும் ஈர்க்குகளாய் நின்றன. எல்லாம் பச்சைப் புழுக்களின் வேலை. சமையற்கூடப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர், இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மருந்தடிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டதாகக் கூறினார்கள்.

அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஐவர், மருந்து விழுவதற்கு முன்பு அம்மரத்தில் வாழும் உயிர்களைப் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். உண்மையைச் சொல்வதானால், கண்காட்சிக்கு ஆகுமே என்பதுதான் எங்கள் எண்ணம். மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை.

எங்களுள் ஒருத்தியின் மாமா திருமண வீடுகளில் படம் எடுப்பவர். தாம் இப்போது பயன்படுத்தாத கேனன் 1100டி என்னும் டிஜிட்டல் காமிராவை, அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்சோடு இரவலாகத் தந்தார். மிக அருகில் படம் எடுப்பதற்கென்றே 'மாக்ரோ' லென்சு என்று ஒன்று உண்டு. அதன் விலை பல ஆயிரம் ரூபாய். "அதை மட்டும் கேட்காதீர்கள்" என்று மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மரத்தில் முதலில் நாங்கள் கண்டவை முட்டைகள். கறிவேப்பிலை அழகி என்னும் கருநிற வண்ணத்துப்பூச்சி, தளிரில் ஒவ்வொன்றாக இடும் முட்டை அது. வெளிர் மஞ்சள் நிறம், உருண்டை வடிவம், குறுக்களவு ஏறத்தாழ 1 மி.மீ. இரவல் லென்சால் எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் போய் எடுத்தோம். படத்தில் கிடைத்தது இலைமேல் ஒரு மஞ்சள் புள்ளி. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் காமிராவின் உள்ளே பிம்பம் விழும் தகட்டின் அகலம் 22 மி.மீ. எங்கள் லென்சு மிக அருகில் சென்றாலும் பொருளின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிம்பத்தை உண்டாக்கும். அப்படியானால் 1 மி.மீ. முட்டை, படத்தின் அகலத்தில் அறுபதில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. பொருளும் பிம்பமும் ஒரே அளவாக அமைவதை 'உயிரளவு' என்பார்கள். நாங்கள் உயிரளவையாவது எட்டியாக வேண்டும்.

வழி எங்கள் பாடநூலிலேயே இருந்தது! பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடத்தில் 'லென்சின் திறன்' என்று படிக்கிறோம் அல்லவா? குவியத் தொலைவை மீட்டரில் எழுதி, அதைக் கொண்டு 1-ஐ வகுத்தால் வருவது டையாப்டர். பாட்டி செய்தித்தாள் படிக்க அணியும் +2 கண்ணாடியின் குவியத் தொலைவு 50 செ.மீ. அதைக் காமிராவின் முன்னே பிடித்தோம். தூரத்து மாதா கோவில் கோபுரத்தைப் பார்ப்பதற்கென முடிவிலியில் வைத்திருந்த லென்சு, அரை மீட்டரில் இருந்த பூவைத் தெளிவாகக் காட்டிற்று. பூதக்கண்ணாடியானாலும், கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்சானாலும், செல்பேசியின் மேல் செருகும் சின்ன லென்சானாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

கடையில் இதையே வட்டச் சட்டத்தில் அமைத்து, லென்சின் முகப்பில் திருகிக்கொள்ளும்படி விற்கிறார்கள். +1, +2, +4, +10 என நான்கு கண்ணாடிகள் கொண்ட தொகுப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காமிரா லென்சின் முகப்பு விட்டம் எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். எங்களுடையது 58 மி.மீ. +10 கண்ணாடியின் குவியத் தொலைவு 10 செ.மீ., அதாவது 100 மி.மீ. 55 மி.மீ. லென்சின் முன் அதைத் திருகினால் 55-ஐ 100-ஆல் வகுத்து, உயிரளவில் பாதிக்குச் சற்று மேல் என்று அறியலாம். முட்டை இப்போது முட்டையாகத் தெரிந்தது. ஆனால் ஓரங்கள் குழம்பி, இலை விளிம்பில் ஊதாவும் பச்சையுமாகச் சாயம் கசிந்தது போல் நிறம் படர்ந்தது. ஒற்றைக் கண்ணாடியால் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க இயலாது. +4 பரவாயில்லை. பூக்களுக்கு அது போதும்.

அடுத்தது நீட்டுக் குழாய். இதனுள் கண்ணாடியே கிடையாது. லென்சைக் காமிராவிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தும் வெற்றுக் குழாய்தான். லென்சு தள்ளிப் போகப் போகப் பிம்பம் பெரிதாகும். 50 மி.மீ. லென்சுக்கு 50 மி.மீ. நீட்டினால் உயிரளவு. குழாயை மாட்டியதும் எங்களுக்கு ஒரு தொல்லை வந்தது. விலை குறைந்த குழாயில் மின்தொடர்பு இல்லை. அதனால் லென்சினுள் இருக்கும் 'அப்பர்ச்சர்' என்னும் துளையைச் சுருக்க வழியில்லாமல், அது முழுதும் திறந்தே நின்றுவிட்டது.

நீட்டும் முறை பழையதுதான். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்னும் விவசாயி வீட்டுப் பையன் இருந்தான். பதினைந்து வயதில் (எங்கள் வயது!) அவன் தாயார் ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார். துருத்தி போல நீளும் காமிராவை அதனுடன் இணைத்து, 1885-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தன் பத்தொன்பதாம் வயதில், ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தான். 1931-இல் மறையும் வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்துவிட்டான். மூச்சுக் காற்று பட்டாலே கரைந்துவிடும் பொருளை எடுத்தவனை நினைத்தால், அசையாத முட்டையை எடுக்க நாங்கள் அலுத்துக்கொள்வது வெட்கமாக இருந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது மூன்றாவது வழி. மாமாவின் அலமாரியில் பெண்டாக்ஸ் கே1000 என்னும் பழைய பிலிம் காமிரா ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. அதன் 50 மி.மீ. லென்சைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, எங்கள் காமிராவில் மாட்டினோம். இதற்குத் 'தலைகீழ் வளையம்' என்று ஒன்று தேவை. ஒரு பக்கம் லென்சின் முகப்பில் திருகும் மரை. மறுபக்கம் காமிராவில் பூட்டும் பிடி. மெல்லிய உலோக வளையம், அவ்வளவுதான். நாங்கள் ஐவரும் பங்கிட்டு வாங்கினோம்.

திருப்பினால் ஏன் பெரிதாகத் தெரிகிறது? சாதாரண லென்சு, முன்னால் வெகு தூரத்தில் உள்ள பொருளைப் பின்னால் மிகக் குறைந்த தூரத்தில் பிம்பமாக்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. உயிரளவையும் தாண்டிப் பெரிதாக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அப்போது பொருள் அருகிலும் பிம்பம் அதைவிடத் தூரத்திலும் அமைகின்றன. ஆகவே லென்சையும் திருப்பிவிட்டால் அது தனக்குப் பழகிய தூரங்களிலேயே வேலை செய்கிறது. ஓரம் வரை கூர்மை குறையாததற்கு இதுவே காரணம். மேலும், பழைய லென்சில் அப்பர்ச்சரைக் கையால் திருப்பும் வளையம் இருக்கிறது. மின்தொடர்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. லென்சின் பின்கண்ணாடி வெளியே தெரியுமாதலால் கீறல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாமா மூன்று முறை எச்சரித்தார்.

எவ்வளவு பெரிதாகிறது என்று அறிய அளவுகோலைப் படமெடுத்தால் போதும். தகட்டின் அகலம் 22 மி.மீ. அல்லவா? எங்கள் படத்தில் அளவுகோலின் 24 மி.மீ. தெரிந்தது. ஆகவே உயிரளவுக்குச் சற்றுக் குறைவு. இடையே 28 மி.மீ. நீட்டுக் குழாயையும் சேர்த்தபோது 15 மி.மீ. மட்டுமே தெரிந்தது. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! எங்கள் கூச்சலைக் கேட்டு விடுதிக் காப்பாளர் வெளியே வந்துவிட்டார்.

ஆனால் எந்த உபகரணமும் நம்மைச் சும்மா நெருங்க விடுவதில்லை. முதல் நஷ்டம் வெளிச்சம். உருப்பெருக்கத்துடன் 1-ஐக் கூட்டி வர்க்கம் கண்டால், வெளிச்சம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது தெரியும். ஒன்றரை மடங்கில் 2.5-இன் வர்க்கம் 6.25. ஆறில் ஒரு பங்கு வெளிச்சமே தகட்டை அடைகிறது. இரண்டாவது, தெளிவின் ஆழம். எஃப் 8 என்று துளையைச் சுருக்கியும், ஒன்றரை மடங்கில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கனம் மட்டுமே கூர்மையாக விழும். முட்டையின் உச்சி தெளிந்தால் அடி மங்கும். இன்னும் சுருக்குவோமே என்று எஃப் 16-க்குப் போனோம். ஒளி சிறு துளையில் புகும்போது விலகிப் பரவுவதால் படம் முழுவதும் மெழுகு பூசியது போல் ஆயிற்று. எஃப் 8-க்கே திரும்பி வந்தோம்.

லென்சில் உள்ள வளையத்தைத் திருகிக் கூர்மை தேடுவது இங்கே பயன்படாது. காமிராவையே முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். முக்காலி மேல் கேரம் பலகையை வைத்து, பவுடர் தூவி, சிறு மரப்பலகை மேல் காமிராவை அமர்த்தித் தள்ளினோம். வழுக்கிக்கொண்டு போனது. தளிர் காற்றில் ஆடாமலிருக்க மூங்கில் குச்சியை நட்டு, துணி உலர்த்தும் கிளிப்பால் காம்பைப் பிடித்தோம். காலை ஏழு மணிக்குள் காற்று குறைவு. காமிராவின் பிளாஷ் நேரே அடித்தால் லென்சின் நிழலே முட்டைமேல் விழுந்தது. அதனால் டிரேசிங் தாளை வளைத்து லென்சின் மேல் கூரை போல் கட்டி, எதிர்ப்புறம் வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்தோம். அட்டை பிடித்தவளுக்குத் தும்மல் வந்ததால் வீணான படங்கள் நான்கு. முதல் நாள் எடுத்தவை 140, தேறியவை ஏழு.

அந்த ஏழையும் நூலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு முட்டையின் மேல் கருந்தூசி ஒன்று இருந்தது. லென்சைத் துடைத்து மறுநாள் எடுத்தோம். அதே கிளையில் வேறொரு முட்டையின் மேலும் தூசி! காமிராவின் தகட்டில்தான் அழுக்கு என்றாள் ஒருத்தி. தகட்டில் அழுக்கு இருந்தால் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் அல்லவா தெரிய வேண்டும்? படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் படத்தில் முட்டையின் இடப்புறம் இருந்த தூசி, அடுத்த படத்தில் உச்சிக்கு வந்திருந்தது. மூன்றாவதில் அதற்குச் சிறகு இருந்தது.

அது அரை மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி. எங்களுள் ஒருத்தியின் அப்பா லால்குடிப் பக்கம் கரும்பு பயிரிடுபவர். அன்று மாலை விடுதித் தொலைபேசியில் அவள் விவரம் சொன்னதுமே, "அது முட்டை ஒட்டுண்ணியம்மா, கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு நாங்கள் அட்டை கட்டுவோமே" என்றாராம். டிரைக்கோகிராம்மா என்னும் அச்சிறு குளவிகளின் இனம், பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். உள்ளே குளவிக் குஞ்சு வளர, முட்டை முழுதும் கரியாய்க் கறுத்துவிடும். புழு வெளியே வராது. உயிரியல் ஆசிரியையும் எங்கள் படத்தைப் பார்த்து முட்டை ஒட்டுண்ணிதான் என்றார்கள். மருந்தடித்தால் புழுவோடு இந்தக் காவலாளும் மடியும் என்றும் சொன்னார்கள்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாட்களே இருந்தன. படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சமையற்கூடத்திற்குப் போனோம். சிஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குச் சாம்பாருக்கு இலை வேண்டும் பிள்ளைகளா, படம் வேண்டாம்" என்றார்கள். நாங்கள் நகரவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு (அதுவும் +2 தான்!) நெடுநேரம் பார்த்தார்கள்.

"இந்தக் குளவி அடுப்பங்கரைக்கு வந்து கொட்டுமா?"

"கொட்டாது சிஸ்டர். மனிதரைக் கொட்ட அதனால் முடியாது."

"அப்படியானால் இரண்டு வாரம் தருகிறேன். ஆனால் புழுவை நீங்கள்தான் பொறுக்க வேண்டும்."

பொறுக்கினோம். காலையில் படிப்பு வேளைக்கு முன்பு இருவர், மாலையில் இருவர். தொட்டால் அப்புழு தலையருகே சிவந்த கொம்பை நீட்டும். கூடவே அழுகிய ஆரஞ்சுப் பழம் போல ஒரு நாற்றம். பிடித்தவற்றை மதில் ஓரத்து நாரத்தை மரத்தில் விட்டோம். முட்டை இருந்த 23 தளிர்களில் வண்ண நூல் கட்டி, நாள்தோறும் தலைகீழ் லென்சால் எடுத்து வந்தோம். 14 முட்டைகள் கறுத்தன. எட்டாம் ஒன்பதாம் நாட்களில் அவற்றின் ஓட்டில் ஊசி முனையளவு துளைகள் தெரிந்தன; குளவிகள் வெளியேறிய வழி அது. மற்ற ஒன்பதிலிருந்து புழுக்கள் வந்தன. அவற்றில் இரண்டை மட்டும் மரத்திலேயே விட்டுவைக்கச் சிஸ்டரிடம் அனுமதி பெற்றோம். மருந்தடிக்க வந்தவரிடம், பிறகு சொல்லி அனுப்புவதாகச் சிஸ்டர் கூறிவிட்டார்கள். இதை எழுதும்போது மரத்தில் புதுத்தளிர் வந்திருக்கிறது.

காமிராவையும் லென்சையும் மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வளையம் எங்களுடையது. அதை நூலக அலமாரியில், நீட்டுக் குழாயோடு ஒரு மிட்டாய்ப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் யாராவது முயல விரும்பினால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். லென்சின் முகப்பு 49 மி.மீ. தானா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். அட்டை பிடிப்பவளுக்குச் சளி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.