உழவு இயந்திரத்தோடு செல்ல வேண்டிய பாதுகாப்புப் பெட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் விளைகின்றது. கிழக்கே எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் மிளகாயும் கத்தரியும் விளைகின்றன. முற்காலத்தில் இவ்விளைவுகளை மாட்டு வண்டிகள் ஏற்றிச் சென்றன. இரவில் வண்டியின் கீழே ஓர் அரிக்கன் விளக்கு தொங்கும். இன்று அவ்வேலையை உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் செய்கின்றன. மாடு இருளிலும் வழியறியும், இயந்திரம் அறியாது. ஆதலின், இயந்திரத்தை ஓட்டும் கமக்காரர் சில பொருட்களை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

பின்னால் வருவோர் காண்பதற்கு

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் தூரம் கடக்கும். விளக்கில்லாத பெட்டி 20 மீற்றரில்தான் கண்ணுக்குப்பட்டால், ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஒன்றரைச் செக்கன் மட்டுமே. பெட்டியின் பின்புறத்து இரு மூலைகளிலும் ஒளி தெறிக்கும் சிவப்பு நாடாவை ஒட்டுதல் வேண்டும். சேறும் வைக்கோலும் அதனை மூடாதவாறு புறப்படுமுன் துடைத்தல் அவசியம். இயந்திரம் வீதியில் நின்றுவிட்டால், முக்கோண எச்சரிக்கைப் பலகையை 50 மீற்றர் பின்னால் வைக்கலாம். ரோச் விளக்கொன்றும் கையருகே இருத்தல் நன்று.

சில்லுக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகளைக் கயிற்றால் பெட்டியோடு கட்டி வைக்க வேண்டும். கல்லை வைப்பவர்கள் புறப்படும்போது அதனை வீதியிலேயே விட்டுச் செல்வதுண்டு. அக்கல் அடுத்து வருபவரை வீழ்த்தும். நான்கு சில்லு இயந்திரத்தின் இரு பிரேக் மிதிகளையும் வீதியில் ஒன்றாகப் பூட்டியே ஓட்டுதல் வேண்டும்.

காயமும் நஞ்சும்

சுத்தமான துணிச்சுருள், கத்தரிக்கோல், கிருமிநாசினி, இரண்டு மெல்லிய பலகைத் துண்டுகள் ஆகியவற்றை ஈரம் புகாத தகரப் பெட்டியில் வைக்கலாம். அறுவடைக் காலத்தில் கண்ணாடிப் புடையன் தீண்டினால், கடிவாயை வெட்டுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் ஆகா. மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பைப் பலகையோடு தளர்வாகக் கட்டி, அசையாது வைத்திருத்தல் வேண்டும். உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

ஐந்து லீற்றர் நல்ல நீரும் வேண்டும். கிருமிநாசினி மருந்து கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாது கழுவி, மருந்துப் போத்தலின் சீட்டோடு வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மருந்து இருந்த கலனில் ஒருபோதும் நீர் வைக்கலாகாது.

தீ

புகைபோக்கியைச் சுற்றிச் சேரும் வைக்கோல் எளிதில் பற்றும். உலர்தூள் தீயணைப்புக் கருவியொன்றை இருக்கையருகே பொருத்தி, அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா என மாதந்தோறும் பார்த்தல் வேண்டும்.

வெள்ளத்தின் முன் எக்கருவியும் உதவாது

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு, மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் பெட்டியோடு அள்ளுண்டது. பெட்டியில் இருந்த மத்ரசா மாணவர் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, ஆகவே வெள்ளத்தைத் தாண்டும் என்ற நம்பிக்கை நம் ஊர்களிலும் உண்டு. அது தவறு. 60 சென்ரிமீற்றர் ஆழமான பாயும் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லவல்லது. அகன்ற பெட்டி நீரில் மிதக்கத் தொடங்கினால் இயந்திரத்தையும் தன்னோடு இழுக்கும். நீருக்கடியில் வீதி அரிக்கப்பட்டிருப்பதையும் எவரும் காணார்.

பெரும்போக மழையில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான் பாயும்போது தாழ்ந்த வீதிகளில் நீர் விரைவில் ஏறும். பெட்டியில் உள்ள 20 மீற்றர் கயிறு, கரையில் நின்று பிறருக்கு எறிவதற்கே உரியது. அதனை நம்பி நீரில் இறங்கலாகாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117 என்பதை மூடியின் உட்புறம் எழுதி வைக்கலாம்.

போகத் தொடக்கத்தில் விதைநெல்லைப் பார்ப்பதுபோல இப்பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். வீதியில் நீர் பாய்ந்தால் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். நனைந்த நெல்லை மீண்டும் காயவைக்கலாம்; போன உயிர் மீளாது.