ஊருக்கு ஒரு புத்தகம்

1998-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகம் ஊர்க்காரர்கள் எல்லோரையும் ஒரே நாவலைப் படிக்கச் சொல்லி அழைத்தது. யோசனை நான்சி பேர்ல் என்ற நூலகருடையது. அவர் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’. அந்தக் கதையில் ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் இறந்துபோகிறார்கள். வழக்குப் போடலாம், நஷ்ட ஈடு வாங்கித் தருகிறேன் என்று வெளியூர் வக்கீல் ஒருவர் வந்து இறங்குகிறார். பேருந்தை ஓட்டிய பெண், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன், அந்த வக்கீல், உயிர் பிழைத்த ஒரு சிறுமி என்று நான்கு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள்.

ஊர்கூடிப் படிக்க இவ்வளவு துக்கமான கதையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சாமர்த்தியமே அந்தத் தேர்வில்தான் இருந்தது. தப்பு யார் மேல்? செத்த பிள்ளைக்குப் பணம் வாங்குவது சரியா? ஒருவர் சொல்லும் பதிலை அடுத்தவர் ஒப்புக்கொள்ளவே முடியாத நாவல் அது. நான்சி தேடியது ‘நல்ல புத்தகம்’ அல்ல, பேச விஷயமுள்ள புத்தகம். எல்லோருக்கும் பிடித்துவிட்டால் அரைமணியில் கூட்டம் கலைந்துவிடும் என்பது வாசகர் வட்டம் நடத்தும் எவருக்கும் தெரியும்.

இந்தத் திட்டம் பின்னாளில் ‘சியாட்டில் ரீட்ஸ்’ ஆயிற்று. 2005-ல் ஜூலி ஓட்சுகாவின் ‘வென் தி எம்பரர் வாஸ் டிவைன்’ நாவலை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றை அமெரிக்க அரசே முகாமில் அடைத்துவைத்த கதை. சியாட்டிலுக்கு இது ஏதோ தூரத்துச் சரித்திரம் அல்ல. எதிர்க்கரையில் இருக்கும் பெய்ன்பிரிட்ஜ் தீவிலிருந்து 1942 மார்ச் மாதமே ஜப்பானியக் குடும்பங்களைப் பெட்டி படுக்கையோடு படகில் ஏற்றி, சியாட்டில் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். ஊர் மறக்க விரும்பும் விஷயத்தை ஊர் நூலகமே மேசைமேல் எடுத்து வைத்தது. 2007-ல் ஜும்பா லஹிரியின் ‘தி நேம்சேக்’. ஐ.டி. வேலைக்காக இந்தியர்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்த நகரத்துக்குப் பொருத்தமான தேர்வு.

சிகாகோ 2001-ல் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை எடுத்தபோதுதான் இது நாடு முழுக்கப் பரவியது. நியூயார்க்கில் மட்டும் பருப்பு வேகவில்லை. 2002-ல் எந்தப் புத்தகம் என்பதிலேயே தேர்வுக்குழு இரண்டு அணியாகப் பிரிந்தது. ஒரு அணி சாங்-ரே லீயின் நாவலைச் சொல்ல, இன்னொரு அணி ஜேம்ஸ் மெக்பிரைடின் சுயசரிதையைச் சொல்ல, ‘ஒரே புத்தகம்’ அங்கே ஒரே புத்தகமாக வரவே இல்லை. விமர்சகர் ஹெரால்ட் ப்ளூமுக்கோ இந்த யோசனையே கசந்தது. எல்லோருமாகக் கிளம்பிப்போய் ஒரே நேரத்தில் சிக்கன் நகெட்ஸ் தின்பது போல என்று நக்கலடித்தார். அவர் கசப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2006-ல் அமெரிக்க அரசின் கலை நிறுவனம் ‘பிக் ரீட்’ என்று இதை நாடளவில் தொடங்கி, தான் தந்த பட்டியலுக்குள் ஊர்கள் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று வைத்தது. பட்டியல் மேலிருந்து வந்தால் பாடப்புத்தக வாடை அடிக்கத்தான் செய்யும். சியாட்டிலின் பலம், தன் ஊருக்கு எது உறைக்கும் என்பதை உள்ளூர் நூலகரே முடிவு செய்ததில் இருந்தது.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2005-ல் ‘ரீட் சிங்கப்பூர்’ தொடங்கியபோது நான்கு ஆட்சிமொழிகளிலும் நூல்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் தமிழும் உண்டு. ஊர் முழுக்கப் படிக்கும் புத்தகங்களின் வரிசையில் தமிழ்ப் புத்தகத்தையும் ஓர் அரசு நூலகம் வைத்தது சின்ன விஷயமல்ல.

ஊருக்கே ஒரு புத்தகம் என்பது ஒரு பக்கம். ஆளுக்கேற்ற புத்தகம் இன்னொரு பக்கம். உங்களுக்குப் பிடித்த சில புத்தகங்களையும் ஏன் பிடித்தது என்பதையும் எழுதிக் கொடுத்தால், அடுத்து படிக்க ஐந்து புத்தகங்களைச் சொல்லும் சேவையையும் சியாட்டில் நூலகம் நடத்தியது. பரிந்துரைத்தது கணினி அல்ல, நூலகர். துப்பறியும் கதை கேட்டவரிடம் ‘இதெல்லாம் ஒரு படிப்பா’ என்று முகம் சுளிக்காமல், அதிலேயே நல்லதாக ஐந்து எடுத்துக் கொடுப்பதுதான் அந்த வேலையின் தரம்.

அமெரிக்க நூலகங்களில் புத்தகம் மட்டுமல்ல, சினிமாவும் உண்டு. நூலக அட்டை எண்ணைக் கொடுத்தால் ‘கனோபி’ போன்ற தளங்களில் வீட்டிலிருந்தே படம் பார்க்கலாம். வாசகருக்குச் செலவில்லை, ஆனால் பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் நூலகம் பணம் கட்ட வேண்டும். கட்டி மாளாமல் நியூயார்க் நகரத்தின் மூன்று நூலக அமைப்புகளும் 2019 ஜூலையில் கனோபியை நிறுத்திவிட்டன. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எத்தனை பேர் எடுத்தாலும் பில் ஏறாது என்ற அருமை அப்போதுதான் பலருக்கு உறைத்திருக்கும்.

நான்சி பேர்லுக்கு வருவோம். 2003-ல் சியாட்டிலின் ஒரு விளையாட்டுப் பொருள் கம்பெனி அவர் உருவத்தில் பொம்மையே போட்டது. முதுகில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் கை உயர்ந்து, சுட்டுவிரல் உதட்டுக்குப் போகும்: ‘உஷ்!’ நூலகர்களை இப்படியா காட்டுவது என்று சில நூலகர்களே கோபித்துக்கொண்டார்கள். ஊரையே பேசவைத்த மனுஷிக்கு ‘உஷ்’ பொம்மையா என்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அவரோ சம்மதித்துத்தான் மாதிரியாக நின்றிருந்தார்.

அவர் சொன்ன இன்னொரு விதியும் பிரபலம். எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் அவகாசம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் 100-லிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரருக்கு 30 பக்கம் போதும்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு நாவலை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லிப் பாருங்கள். பாராட்டுரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். சண்டை வரக்கூடிய நாவலாக இருக்கட்டும். ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைத்தவர்களும் வரலாம். ஏன் மூடினார்கள் என்று முதலில் அவர்களையே பேசச் சொல்லுங்கள்.