சுருட்டுக் கொட்டிலுக்குப் பின்: நடுவயதுத் தொழிலாளரும் தொழில் மாற்றமும்

யாழ்ப்பாண நகரையடுத்து வடக்கே அமைந்த கொக்குவிலைச் சுருட்டுத் தொழிலை விடுத்து நினைவுகூர்தல் அரிது. புகையிலையை நனைத்து, காம்பு நீக்கி, மேலிலை தெரிந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சுருட்டிய கொட்டில்கள் வேலைத்தலங்களாக மட்டும் இருக்கவில்லை. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் கைவேலையை நிறுத்தாமலே கேட்டனர். பள்ளியை இடையில் விட்டவன் உலக அரசியலை விவாதிக்கக் கற்றதும், இடதுசாரித் தொழிற்சங்க இயக்கம் குடாநாட்டில் வேர்கொண்டதும் இத்தகைய கொட்டில்களிலேயே எனலாம்.

சுருட்டின் சந்தையோ பெரிதும் தென்னிலங்கையில் இருந்தது. 1983ஆம் ஆண்டு வன்செயல்கள் அங்கிருந்த தமிழ் வணிகரைச் சிதறடித்தன. 1990இல் புகையிரதப் போக்குவரத்து அறுந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. பீடியும் சிகரெட்டும் முன்னரே போட்டியிட்டுவந்தன. பின்னர் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைப் பொருட்களின் விளம்பரத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தியது. புகைத்தலின் தீங்கு ஐயத்துக்கு இடமற்றது. சுருட்டு மீளவேண்டும் என்பது எமது வாதமன்று. நாற்பத்தைந்து வயதுவரை விரல்களில் தேக்கிய திறன் எங்கே செல்வது என்பதே வினா.

'ஆயுள்முழுதும் கற்றல்' எனும் தொடர் இவ்வினாவுக்கு விடையாக இன்று வழங்குகின்றது. மாற இயலாமையைத் தொழிலாளியின் குறையாக்கும் போக்கு இதனுள் மறைந்துள்ளது. ஆயின் இலங்கை 2003இல் ஏற்புறுதி செய்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, புகையிலைத் தொழிலாளருக்கான மாற்று வாழ்வாதாரத்தை அரசுகள் ஊக்குவிக்கவேண்டிய கடப்பாடாகவே கூறுகின்றது. கொக்குவிலின் பெயராலேயே மக்கள் அழைக்கும் தொழில்நுட்பக் கல்லூரி பெரும்பாலும் பள்ளி முடித்த இளையோரை நோக்கியது. தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்பறை காணாதவரின் முன்னனுபவத்தையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க இடமுண்டு. நல்லதே, எனினும் மேசனுக்குப் பயன்தரும் அச்சான்றிதழ், தன் தொழிலே தேயும் சுருட்டுக்காரனுக்கு என்ன தரும்?

ஒப்புநோக்கத் தக்கது கேரளத்துக் கண்ணூர். பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கான 1966ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, தனியார் முதலாளிகள் வேலைத்தலங்களை மூடினர். வேலையிழந்தோர் 1969இல், மாநில அரசின் துணையுடன், தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்தனர். ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேர் வரை அதிற் பணியாற்றினர். அங்கும் வாசிப்பு நடந்தது. பீடி தேய்வதை உணர்ந்த அச்சங்கம் 1990களின் பிற்பகுதியிலிருந்து உணவுப்பொருள், குடை, ஆடை, கணினி மென்பொருள் எனக் கிளைவிரித்தது. பீடி சுற்றியவர் அனைவரும் புதுத்தொழிலுக்கு மாறிவிட்டனர் எனக் கொள்ளலாகாது. முதியோருக்குச் சங்கத்தின் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இருந்தன. தேயும் தொழிலின் இலாபமே புதிய தொழிலின் முதலாயிற்று என்பதுதான் இங்கு முதன்மையானது.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழிலுக்கு அத்துணைப் பருமனுடைய பொதுமுதல் எதுவும் சேரவில்லை. சிறு முதலாளிகளின் கொட்டில்கள் கலைந்தபோது தோட்டம், மேசன் வேலை, சிறுகடை, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணம் என்று அவரவர் வழியை அவரவரே தேடிக்கொண்டனர்.