தொட்டிக்கும் பசி உண்டு

சமையலறைக் கழிவில் எரிவாயு எடுக்கலாம். மகாராஷ்டிர மாநிலம் புனே நகரில் உள்ள ஒரு நிறுவனம் இதற்கு ஒரு சிறிய தொட்டியை உருவாக்கியது. 2006-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அதற்கு விருது கிடைத்தது.

தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மீந்த சோறும் காய்கறித் தோலும் அவற்றின் உணவு. அவை தின்றால் வாயு உண்டாகும். அடுப்பு எரியும். அவை செத்தால் அடுப்பு எரியாது.

ஆகவே கவனியுங்கள்:

1. முதலில் சாணக் கரைசல் ஊற்றுங்கள். நுண்ணுயிர்கள் சாணத்தில் இருக்கின்றன.

2. கழிவைச் சிறிதாக நறுக்குங்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

3. எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார் போடாதீர்கள். குழாய் அடைத்துக்கொள்ளும்.

4. சோப்புத் தண்ணீர், பினாயில் ஊற்றாதீர்கள். நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

5. தினமும் அளவாகப் போடுங்கள். அதிகமானால் தொட்டி புளித்துவிடும். வாயு குறையும்.

புளித்துவிட்டால் சில நாள் கழிவு போடாதீர்கள். சாணக் கரைசல் ஊற்றுங்கள்.

தொட்டியிலிருந்து வெளிவரும் நீரை வீணாக்காதீர்கள். அது செடிகளுக்கு நல்ல உரம்.