காய் பழமாகும் காலம்

கொருக்குப்பேட்டையின் நெருக்கமான தெருக்களில், ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன. குழாயடியில் எழும் ஒரு கடுஞ்சொல் இரு வீட்டுப் பிள்ளைகளின் நட்பையும் முறித்துவிடுகிறது. சிறு வயதில் இன்று காய் விட்டவர்கள் மறுநாளே பழம் விட்டு விளையாடச் செல்வார்கள். பதினைந்து வயதிலோ தன்மானம் குறுக்கே நிற்கிறது. மன்னித்தால், 'பயந்துவிட்டான்' என்று நண்பர்கள் நகைப்பார்களே என்னும் அச்சம் வேறு. அப்பகை பழிக்குப் பழியாக வளர்ந்து வாழ்வையே குலைக்கவும் கூடும். இவ்வயதினருக்குக் கிறிஸ்தவ மன்னிப்பை எங்ஙனம் கற்பிப்பது?

முதலாவது, அவர்கள் அறிந்த கணக்கிலேயே கூறுவோம். புனித மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இரக்கமற்ற பணியாளனின் உவமையைக் காண்கிறோம். தெனாரியம் என்பது அக்காலத் தொழிலாளியின் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே அரசன் தள்ளுபடி செய்த 10,000 தாலந்து ஏறக்குறைய 6 கோடி நாள் கூலியாகும். அவனுக்கு உடன்பணியாளன் தரவேண்டியிருந்ததோ 100 நாள் கூலி. தந்தையின் நாட்கூலியில் உலை கொதிக்கும் இல்லத்துப் பிள்ளைக்கு, 100 நாள் கூலியும் சிறு தொகையன்று என்பது நன்கு தெரியும். நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு அற்பமானதென்று ஆண்டவர் கூறவில்லை. நாம் பெற்ற இரக்கம் அதனினும் பன்மடங்கு பெரிது என்றே கூறுகிறார்.

இரண்டாவது, மன்னித்தவர்களை அவர்கள் கண்முன் நிறுத்துவோம். கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மக்களைக் கடன்தளையினின்று மீட்க உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றனர். அவருடைய உடன்பிறந்த தங்கையான அருட்சகோதரி செல்மி பால், 2002இல் சிறைக்குச் சென்று, கொலையாளியின் கையில் ராக்கிக் கயிறு கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். வடநாட்டவர் அனைவரும் அறிந்த வழக்கம் அது. சொற்பொழிவு ஏதுமின்றியே அதன் பொருள் விளங்கியது. தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த அவர் 2006இல் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது, அவரும் அங்கு வந்திருந்தார்.

கொலைக்கும் கயிற்றுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் மறத்தலாகாது. தானாய்க் கனியாததைத் தடியால் அடித்துக் கனிய வைக்க இயலாது. "போய்க் கைகுலுக்கு" என்று பிள்ளையை அதட்டுமுன், அவன் பட்ட காயத்தைப் பொறுமையுடன் கேட்போம். அதே 18ஆம் அதிகாரம், குற்றம் செய்தவனிடம் தனியே சென்று அவன் குற்றத்தை எடுத்துரைக்குமாறு பணிக்கிறது. ஆதலின் மன்னிப்பு என்பது தீமையை மூடி மறைப்பதன்று. அடியும் அத்துமீறலும் தொடருமாயின், பெரியோரிடம் அறிவித்துப் பாதுகாப்புத் தேடுவதே முறை என்பதையும் தெளிவாகச் சொல்லிவைப்போம்.

அன்பார்ந்த பெற்றோரே, பக்கத்து வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் முகம் கொடாதிருந்துகொண்டு, பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் போதிக்க நம்மால் இயலுமோ? குழாயடியில் நாம் முதலில் பேசும் ஒரு சொல்லை அவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.