முற்றம் நிரம்பும் வீடு

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குத் துணையாகப் போயிருந்தேன். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. பக்கத்து வாங்கிலில் இருந்த அக்கா மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இது முந்தி ஷெல் பட்ட பக்கம். அதாலதான் கட்டி வந்ததோ?"

இல்லை, சகோதரிகளே. காயத்தால் மார்புப் புற்றுநோய் உண்டாவதில்லை. பழைய காயத்தில் கொழுப்பு இறுகிக் கட்டிபோல் தட்டுப்படலாம். அது எது என்று வைத்தியர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

பிறகு எதனால்? எங்கள் நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் வெறும் முற்றம், சுற்றிவர அறைகள், வெளியே வேலி. மார்பின் பாற்குழாயும் அப்படித்தான். கலங்கள் வரிசையாக நிற்க, நடுவில் பால் ஓடும் வெளி. வெளியே மெல்லிய சவ்வு வேலி. கலத்தின் மேற்பரப்பில் உள்ள ஹெர்-2 என்ற ஏற்பி "பெருகு" என்ற செய்தியை உள்ளே அனுப்பும். மார்புப் புற்றுநோய்களில் 15 முதல் 20 வீதமானவற்றில் இது அளவுக்கு மிஞ்சி இருக்கும்.

அமெரிக்காவில் செந்தில் முத்துசாமி, ஜோன் புரூகி ஆகியோர் 2001இல் இதைச் சோதித்தார்கள். (முதற் பெயரை வாசித்ததும் எனக்கொரு சந்தோஷம்.) முற்றத்தோடு வளர்ந்து, பெருகுவதை நிறுத்தியிருந்த மார்புக் கலத் திரள்களில் அந்த ஏற்பியைத் தூண்டினார்கள். அடங்கியிருந்த கலங்கள் மீண்டும் பெருகி முற்றத்தை நிரப்பின. ஆனால் வேலியைத் தாண்டவில்லை. முத்துசாமியின் குழுவினர் 2006இல் இன்னொன்றையும் கண்டார்கள்: எது உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கலத்துக்குக் காட்டும் புரதக் கூட்டையே இந்தச் செய்தி பிரித்துவிடுகிறது.

வேலிக்குள் நிற்கும் இந்த ஆரம்ப நிலையில் பெரும்பாலும் நோவும் இல்லை, கட்டியும் கைக்குத் தட்டுப்படாது. மமோகிராம் படத்தில்தான் தெரியவரும். கட்டி தட்டுப்பட்டால் நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம். மார்பையும் பரிசோதிப்பார்கள், காசு இல்லை. குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாள் சொல்லுவார்.

அக்காவின் தோளில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறதாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலே சொல்லிப்போடுங்கோ, காந்தம் இரும்பை இழுக்கும் என்றேன்.

"அதையும் சொல்லவேணுமோ?" என்றார். அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.